ஒரு தானியம், ஒரு பூ

சமையலறையில் செய்வதற்கு மிகக் கடினமான பண்டம் எது என்று கேட்டால், பிரியாணி என்பார் சிலர். மீன் குழம்பு என்பார் வேறு சிலர். பட்டறிவுடைய இல்லத்தரசியோ இட்டலி என்பாள். அரிசி, உளுந்து, உப்பு, நீர் ஆகிய நான்கைத் தவிர அதில் வேறொன்றும் சேர்வதில்லை. உளுந்து பழையதாயின் தெரிந்துவிடும். மாவு புளித்தது போதாதாயின் தெரிந்துவிடும். குழம்பில் மிளகாய் மிகுந்தால் இன்னும் சிறிது புளியைக் கரைத்து ஊற்றி ஒருவாறு சரிக்கட்டலாம்; இட்டலியில் குற்றத்தை ஒளித்து வைக்க இடமே இல்லை. நூலுக்குரிய அழகுகளை எண்ணப் புகுந்த நன்னூலார் சுருக்கத்தை முதலில் வைத்ததற்கும் இதுவே காரணம் போலும். சுருக்கமாகச் சொல்ல முனைபவனுக்குத் தன் அறியாமையை மறைத்துக்கொள்ள மூலை கிடைப்பதில்லை அன்றோ?

பீர் வடிக்கும் கலையிலும் இதனையொத்த ஒரு பயிற்சி உண்டு. பீர் ஆலைகள் பொதுவாகப் பல வகை மால்ட்டுகளைக் கலப்பன; வெளிறியது, பழுப்பேறியது, காப்பிக்கொட்டைபோல் வறுபட்டது என அவை பலவகைப்படும். கசப்பும் மணமும் தரும் ஹாப் என்னும் பூவிலும் இரண்டு மூன்று வகைகளைச் சேர்ப்பது வழக்கம். தம் வீட்டிலேயே சிறிய அளவில் பீர் வடித்துப் பழகுவோருள் சிலர், இவற்றையெல்லாம் வேண்டுமென்றே ஒதுக்கிவிட்டு, ஒரே மால்ட்டையும் ஒரே ஹாப்பையும் மட்டும் கொண்டு வடித்துப் பார்க்கின்றனர். சிக்கனத்திற்காக அன்று. அந்தத் தானியம் எப்படிச் சுவைக்கும், அந்தப் பூ எப்படி மணக்கும் என்று ஐயமற அறிந்துகொள்வதற்காகவே.

தமிழ்க் கட்டுரைத் தொகுப்பில் பீருக்கு என்ன வேலை என்று முகம் சுளிப்போர் சற்றே பொறுத்தல் வேண்டும். சுளிப்பதற்கு மலாயாத் தமிழருக்குப் போதிய காரணம் உண்டு. அதுவும் இங்கே வரும்.

சிங்கப்பூரில் அடுக்குமாடி வீடொன்றின் ஒன்பதாம் மாடியில் வாழும் ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர் ஒருவர் இப்பயிற்சியைச் சில ஆண்டுகளாக மேற்கொண்டு வருகிறார். எழுபதைக் கடந்தவர். பேராக் மாநிலத்து இரப்பர்த் தோட்டமொன்றில் பிறந்து, அங்கிருந்த தமிழ்ப்பள்ளியில் அரிச்சுவடி பயின்று, பின் சிங்கப்பூருக்கு வந்து முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆய்வுக்கூடத்தில் மாணவர்களோடு கழித்தவர். குடிப்பழக்கம் உடையவர் என்று அவரைச் சொல்ல இயலாது. பத்து லிட்டர் வடித்தால் அவர் அருந்துவது அதில் ஒரு சிறு பங்கே. எஞ்சியதைப் பழைய உடன்பணியாளர்க்குப் பகிர்ந்து கொடுத்து, அவர்தம் கருத்தைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வார். விற்பதற்குச் சட்டம் இடந்தராது. சிங்கப்பூரில் 18 வயது நிரம்பியவர் தம் வீட்டில், தம் பயனுக்காக, குடும்பத்திற்கு மாதம் 30 லிட்டருக்கு மிகாமல் பீர் போன்ற நொதித்த பானங்களை உரிமமின்றிச் செய்துகொள்ளலாம் என்னும் இசைவு 2004 ஆம் ஆண்டில் வந்தது. காய்ச்சி வடிக்கும் சாராயத்திற்கு அவ்விசைவு இல்லை. கடலிடுக்கின் மறுகரையில், மலேசியாவில், உரிமமின்றி மது செய்வது குற்றமாகும்.

அவர் செய்யும் முறையைச் சற்று விரிவாகவே காண்பது தகும். மால்ட் என்பது வேறொன்றுமன்று. பார்லியை நீரில் ஊறவைத்து, முளைவிடச் செய்து, முளை நீளுமுன் வெப்பக்காற்றில் உலர்த்தியதே. முளைகட்டிய கேழ்வரகை உலர்த்தி அரைத்துக் குழந்தைக்குக் கஞ்சி காய்ச்சும் தாய்மார் இதே வேதியியலைத்தான் கையாளுகின்றனர். விதை முளைக்கும்போது தன்னுள் அடங்கிய மாவுப்பொருளைச் சர்க்கரையாக்கும் நொதிப்பொருள்களைத் தானே உண்டாக்கிக்கொள்ளுகிறது. உலர்த்தினால் அவை உறங்குகின்றன. வெந்நீர் பட்டால் விழிக்கின்றன. ஆனால் அந்த நீரின் சூடு அளவறிந்து இருத்தல் வேண்டும். ஏறத்தாழ 65 பாகையில் அவை செவ்வனே பணியாற்றும். எண்பதை நெருங்கினால் மாண்டுபோகும்.

ஆசிரியர் 2.25 கிலோ வெளிறிய மால்ட்டைக் கரகரப்பாக உடைத்துத் துணிப்பையில் இட்டு, வெந்நீர் நிறைந்த பெரிய எவர்சில்வர் அண்டாவில் அமிழ்த்துவார். ஒரு மணி நேரம் அண்டாவைப் பழைய கம்பளியால் சுற்றிவைத்துவிட்டு, வெப்பமானியைப் பார்த்தபடி அமர்ந்திருப்பார். முதலில் வெண்மையாய்க் கஞ்சிபோல் கலங்கியிருந்த நீர், மெல்ல மெல்லத் தெளிந்து தேன்நிறம் கொள்ளும். ஒரு கரண்டி எடுத்து நாவில் வைத்தால் இனிக்கும். சர்க்கரை ஒரு சிட்டிகையும் சேர்க்கப்படவில்லை! பல்லாண்டுகள் இதைக் கரும்பலகையில் எழுதிக் கற்பித்தவரேயாயினும், இந்த இனிப்பை நாவில் உணரும்போது இன்னும் புன்முறுவல் செய்கிறார்.

அடுத்து, பூ. ஹாப் என்பது குளிர்நாட்டுக் கொடி. ஆண்கொடி வேறு, பெண்கொடி வேறு. பெண்கொடியில் கூம்பு வடிவில் பூக்கும் பச்சைப் பூக்களின் இதழடியில் மஞ்சள் நிறத் துகள் ஒட்டியிருக்கும். கசப்பும் மணமும் அத்துகளில்தான் உள்ளன. இங்கே ஒரு முரண்பாடு எழுகிறது. கசப்பு நீரில் இறங்க வேண்டுமானால் பூவை நெடுநேரம் கொதிக்கவைக்க வேண்டும். கொதிக்கவைத்தாலோ மணம் ஆவியோடு போய்விடும். ஆகையால் ஒரே பூவை மூன்று வேளைகளில் இடுவர். கொதி தொடங்கிய சிறிது நேரத்தில் இடுவது கசப்புக்கு. முடிய கால் மணி இருக்கும்போது இடுவது சுவைக்கு. அடுப்பை அணைக்கும்போது இடுவது மணத்திற்கு. சாம்பாரை இறக்கும்போது கொத்தமல்லித் தழையைக் கிள்ளிப் போடும் கைக்கு இந்தக் கடைசிக் கணக்கைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆசிரியர் முதலில் 34 கிராமும், பின்னர் இருமுறை பத்துப் பத்துக் கிராமும் இடுவது வழக்கம். ஒரே பூதான், இட்ட வேளைக்கேற்ப மூன்று தொழில் செய்கிறது.

கொதித்த சாற்றை விரைந்து ஆறவைத்து, ஈஸ்ட் தூவி, காற்றுப் புகாமல், உள்ளிருந்து வாயு மட்டும் வெளியேறுமாறு மூடிவைத்தால், மறுநாள் குமிழ்கள் எழத் தொடங்கும். மிதவைக் குழாயொன்றை இட்டுச் சாற்றின் அடர்த்தியை முதலில் அளந்துகொள்வார், 1.048 என்று காட்டும். நொதித்து முடிந்தபின் 1.010 என்று இறங்கியிருக்கும். இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டிலிருந்து அந்தப் பீரில் ஏறத்தாழ நூற்றுக்கு ஐந்து பங்கு சாராயம் உள்ளதென்று கணக்கிட்டுவிடலாம்.

அவருடைய முதல் வடிப்பு நன்றாக வரவில்லை. சூடு போய்விடுமே என்று கொதிக்கும் அண்டாவை மூடிவைத்தார். வெளிறிய மால்ட்டைக் கொதிக்கவைக்கையில் கந்தகம் கலந்த ஓர் ஆவி எழும். மூடியில்லாதிருந்தால் அது வெளியேறிவிடும். மூடியதால் அது நீராய்ப் படிந்து மீண்டும் அண்டாவிலேயே சொட்டிற்று. பீரில் வேகவைத்த சோளத்தின் வாடை வீசியது. அதுவும் போதாதென்று, 30 பாகை வெப்பமுள்ள அறையிலேயே நொதிக்க விட்டதால் நகப்பூச்சின் நெடியும் ஏறிற்று. கருகிய மால்ட்டும் மூன்று வகை ஹாப்பும் சேர்ந்த பீராக இருந்திருந்தால் இக்குறைகளுள் பாதி மறைந்திருக்கக்கூடும். இங்கே இரண்டும் தனித்தனியே தலைகாட்டின. இன்ன குற்றம் இன்ன காரணத்தால் வந்தது என்று அவர் ஒரு மாலைக்குள் கண்டுகொண்டார். பின்னர் பழைய குளிர்பதனப் பெட்டியொன்றை வாங்கி, வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் கருவி பொருத்தி, 11 பாகையில் நொதிக்கவைத்தார். கொதி ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. மூடி அலமாரிக்குப் போயிற்று.

இம்முறை வீட்டுப் பயிற்சியாளர் கண்டுபிடித்தது என்று எண்ணிவிடலாகாது. உலகில் இன்று மிகுதியாக அருந்தப்படும் பொன்னிறப் பீரின் மூலமே ஒரு தானியமும் ஒரு பூவுந்தான். செக் நாட்டின் மேற்கே, பொஹீமியாவில், பில்சென் என்னும் நகரம் உள்ளது. 1295 ஆம் ஆண்டில் இரண்டாம் வென்செஸ்லாஸ் மன்னர் நிறுவிய அந்நகரின் குடிமக்கள் தத்தம் வீட்டில் பீர் வடித்து விற்கும் உரிமையும் பெற்றிருந்தனர். உரிமை இருந்ததே தவிரத் தரம் நிலைக்கவில்லை. 1838 ஆம் ஆண்டில், அருந்தத் தகாதது என்று தள்ளப்பட்ட 36 பீப்பாய்ப் பீரை நகர மன்றத்தின் முன்னே கொட்டிக் கவிழ்த்தனர். தங்கள் ஊர்ச் சரக்கைத் தாங்களே தெருவில் கொட்டுவதற்கு ஒரு துணிவு வேண்டும். கொட்டியதோடு அவர்கள் நின்றுவிடவில்லை. உரிமை பெற்ற குடிமக்கள் ஒன்றுகூடிப் பொதுவில் ஒரு புதிய ஆலையைக் கட்டினர். கட்டடக் கலைஞர் மார்ட்டின் ஸ்டெல்ட்சர் அதனை வரைந்தார். வடிப்பதற்குப் பவேரியாவின் வில்ஸ்ஹோஃபன் ஊரிலிருந்து யோசெஃப் குரோல் என்னும் இளைஞரை அழைத்துவந்தனர். அப்போது அவருக்கு வயது 29. நயமாகப் பேசத் தெரியாத முரடர் என்று பெயர் பெற்றவர் அவர்.

1842 அக்டோபர் 5 அன்று குரோல் முதல் வடிப்பைத் தொடங்கினார். நவம்பர் 11 அன்று, புனித மார்ட்டின் திருநாளில், ஊரார் அதனைச் சுவைத்தனர். அதுவரை அவர்கள் கண்ட பீர் பழுப்பாகவும் கலங்கலாகவும் இருந்தது. இதுவோ பொன்போல் தெளிந்திருந்தது, மேலே வெண்ணுரை. குரோல் இதற்காக மந்திரம் ஏதும் செய்துவிடவில்லை. விறகுப் புகை படாமல், இங்கிலாந்தில் வழங்கிய முறைப்படி வெப்பக்காற்றால் உலர்த்திய வெளிறிய மால்ட். ஜாட்டெட்ஸ் என்னும் ஊரைச் சூழ்ந்த நிலத்தில் விளைந்த ஹாப், அதனை வணிகர் ஸாட்ஸ் என்பர். குளிரில் மெல்ல வேலை செய்யும் பவேரிய ஈஸ்ட். பாறையில் குடைந்த குளிர்ந்த நிலவறை. இத்தனைக்கும் அடியில் பில்சென் நகரத்து நீர். உப்புச்சத்து மிகக் குறைந்த மென்னீர் அது. சுண்ணாம்புச் சத்துள்ள கடினநீரில் ஹாப்பின் கசப்பு நாவைப் பிறாண்டும். பில்சென் நீரில் அந்தப் பூவின் கசப்பு கூர்மையாய் வந்து, நாவில் தங்காமல் மறையும்.

குரோல் மூன்றாண்டுகளே அங்கிருந்தார். 1845 இல் ஒப்பந்தம் முடிந்ததும் ஊர் திரும்பிவிட்டார். 1887 இல் வில்ஸ்ஹோஃபனில் மறைந்தார். அவர் பெயரை அறிந்தோர் சிலரே. ‘பில்ஸ்னர்’ என்ற ஊர்ப்பெயரையோ உலகின் பீர்ப்புட்டிகளில் பலவும் தாங்கியுள்ளன. ஜாட்டெட்ஸ் ஹாப் நிலப்பகுதி 2023 ஆம் ஆண்டில் உலகப் பாரம்பரியச் சின்னமாக யுனெஸ்கோவின் பட்டியலில் ஏறியது. ஒரு கசப்புப் பூவுக்குக் கிடைத்த பெருமை!

ஒன்று மட்டும் இதில் ஒன்றாக இல்லை. அதுதான் ஈஸ்ட். பவேரியப் பெருமகன் நான்காம் வில்ஹெல்ம் 1516 ஆம் ஆண்டில் பீருக்குப் பார்லி, ஹாப், நீர் ஆகிய மூன்றே உரியவை என்று விதித்தபோது, ஈஸ்ட் அந்தச் சட்டத்தில் இடம்பெறவில்லை. அப்படியோர் உயிர் உண்டென்பதே அன்று எவருக்கும் தெரியாது. பாஸ்டர் பீரைக் குறித்து 1876 இல் நூல் எழுதி, பீர் கெடுவது நுண்ணுயிர்களால் என்பதை நிறுவினார். கோபன்ஹேகன் நகரில், கார்ல்ஸ்பர்க் ஆய்வுக்கூடத்தில், எமில் கிறிஸ்டியன் ஹான்சன் 1883 இல் ஒரேயோர் ஈஸ்ட் உயிரணுவைத் தனித்துப் பிரித்து வளர்த்துக் காட்டினார். அதற்குப் பின்னரே ஆலைகள் தாம் இன்ன ஈஸ்ட்டைக் கொண்டு வடிக்கிறோம் என்று உறுதியாகச் சொல்ல முடிந்தது. பிற ஆலைகளும் பயனுறுமாறு கார்ல்ஸ்பர்க் அதனை மறைக்காது வழங்கியது. ஆசிரியர் இன்று ஒரு சிறு பொட்டலத்தை வெட்டித் தூவும் ஈஸ்ட்டுக்குப் பின்னே இவ்வளவு பெரிய வரலாறு கிடக்கிறது.

இவ்வாறு அறிந்து செய்யும் ஆர்வம் வேறு நாடுகளில் இல்லங்களிலிருந்தே எழுந்தது. அமெரிக்காவில் 1933 இல் மதுவிலக்கு நீங்கியபோது வீட்டில் திராட்சை மது செய்ய இடமளித்த சட்டம் பீரைச் சேர்க்காது விட்டது. அக்குறை நீங்கியது 1978 அக்டோபரில் அதிபர் கார்ட்டர் ஒப்பமிட்ட சட்டத்தால். 1979 பிப்ரவரியில் அது நடப்புக்கு வந்தது. அலபாமாவும் மிசிசிப்பியும் 2013 வரையில் அதற்கு இணங்கவில்லை. கஸ்கேட் என்னும் அமெரிக்க ஹாப் 1972 இல் வெளிவந்தது. தோடம்பழத் தோலை நகத்தால் கீறினாற்போல் மணப்பது. ஆசிரியர் தம் நான்காம் வடிப்பில் மால்ட்டையும் ஈஸ்ட்டையும் வெப்பத்தையும் அப்படியே வைத்துக்கொண்டு, ஸாட்ஸை நீக்கிக் கஸ்கேட்டை மட்டும் இட்டார். இரண்டையும் அருகருகே ஊற்றிச் சுவைத்த உடன்பணியாளர் ஒருவர், இவை ஒரே தானியத்தில் பிறந்தவை என்பதை நம்ப மறுத்தார். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று என்று வகுப்பறையில் ஆயிரம் முறை சொல்லியதைத் தம் நாவாலேயே மெய்ப்பித்துக்கொண்ட மகிழ்ச்சி அன்று அவருக்கு.

வீட்டில் மது செய்தல் தமிழர்க்குப் புதியதோ என்றால், அதுவும் அன்று. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய பெரும்பாணாற்றுப்படையில், சோற்றுக் கூழை அகன்ற வாயுடைய கலத்தில் ஆறவைத்து, அடையைக் கலந்து, சாடியில் இரண்டு பகலும் இரண்டு இரவும் விளையவிடும் முறையை உருத்திரங்கண்ணனார் படிப்படியாகக் கூறியுள்ளார். வீட்டிலே சமைத்த நெற்கள்ளுக்குத் ‘தோப்பி’ என்று தனிப்பெயரும் அந்நூலில் உண்டு. கூழை ஆறவைத்த பின்னரே அடையைச் சேர்க்க வேண்டும் என்னும் நுட்பத்தை அன்றைய மகளிர் அறிந்திருந்தனர். சூடாகச் சேர்த்தால் என்ன ஆகும் என்பதை அவர்கள் பட்டுத்தான் உணர்ந்திருக்க வேண்டும். பின்னர் வந்த வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கெனத் தனி அதிகாரமே வகுத்தார். இடையில் என்ன கண்டாரோ!

மலாயாவில் தமிழர் கண்டது யாவரும் அறிந்ததே. தென்னம்பாளையைச் சீவி இறக்கும் கள்ளும் ஒரு வகையில் ஒற்றைப் பொருளால் ஆனதுதான். மால்ட்டும் வேண்டா, பூவும் வேண்டா. பானையில் சொட்டும்போதே காற்றிலுள்ள ஈஸ்ட் அதனைப் பிடித்துக்கொள்ளும். காலையில் இனித்தது மாலையில் மயக்கும், மறுநாள் புளிக்காடியாகும். இயற்கையின் விந்தை என்று அதனையும் போற்றியிருக்கலாம். ஆனால் தோட்டங்களில் அது இயற்கையாக வரவில்லை. தோட்ட நிர்வாகம் நடத்திய கள்ளுக்கடை வழியாக வந்தது. பால்மரம் வெட்டிப் பெற்ற கூலி, சம்பள நாள் மாலையிலேயே அந்தக் கடைக்குத் திரும்பிற்று. 1941 இல் கிள்ளான் வட்டாரத்துத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதையும் கோரிக்கையாக வைத்தனர். போருக்குப் பின் கெடாவில் தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளை எதிர்த்து மறியல் செய்தனர். குடித்தவனே, குடிப்பவனின் பிள்ளையே, அந்தக் கடையை மூடு என்று கேட்ட வரலாறு அது. கள்ளுக்குப் பின் தோட்டங்களில் புகுந்த சம்சு அதனினும் கொடிது. பீரின் நிறத்தையும் மணத்தையும் வருணிக்கும் எவரும் இதைக் கடந்து போய்விட முடியாது. அளந்து வடித்தாலும் மது மதுவே.

அந்த ஆசிரியரின் தந்தையும் அப்படி மாய்ந்தவர்தாம். மூத்த மகள் பதின்மூன்று வயதில் பள்ளியை விட்டுத் தாயோடு பால்மரம் வெட்டப் போனாள். அவள் கொண்டுவந்த கூலியில்தான் தம்பி இடைநிலைப் பள்ளிக்குப் பேருந்தேறினான். அந்த அக்காள் இன்றும் ஈப்போவுக்கு அருகில் மகன் வீட்டில் இருக்கிறார். சென்ற ஆண்டு சிங்கப்பூருக்கு வந்து பத்து நாள் தங்கியபோது, தம்பி வடித்துக்கொண்டிருந்த நாளில் சமையலறைக்குள் வந்துவிட்டார். அண்டாவையும் பையையும் குழாயையும் பார்த்தார். அவருக்கு எவரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

“ஏன்டா தம்பி, இந்த வாடை இனிமேல் நம் வீட்டில் வீசக்கூடாது என்றுதானே உன்னைப் படிக்க வைத்தோம்?”

அவர் வாய்திறக்கவில்லை. வேதியியல் தந்த விடைகள் எதுவும் அந்தக் கேள்விக்குப் பொருந்துவன அல்ல. “அடுப்பை அணைத்துவிடட்டுமா, அக்கா?” என்று மட்டும் கேட்டார். உண்மையாகவே அணைக்கக் கை நீட்டினார் என்பதும் சொல்லத்தக்கது. அக்காளும் பதில் சொல்லவில்லை. நாற்காலியை இழுத்து வாசலோரம் அமர்ந்துகொண்டார். சிறிது நேரத்தில், பூவை இட்டதும், நுரை பொங்கி விளிம்புக்கு வந்தது. ஆசிரியர் அப்போது குறிப்பேட்டில் நேரத்தை எழுதிக்கொண்டிருந்தார். “வழியப் போகிறது, பார்!” என்று எழுந்து வந்த அக்காளே தீயைக் குறைத்தார். கரண்டியால் நுரையைத் தட்டி அடக்கியவர், அதே கையோடு கேட்டார்:

“இதில் என்னென்ன போட்டிருக்கிறாய்?”

“பார்லி, அக்கா. முளைகட்டிக் காயவைத்தது. அப்புறம் இந்தப் பூ. தண்ணீர்.”

“வேறே?”

“கடைசியில் ஈஸ்ட். வேறொன்றும் இல்லை.”

“அப்பா குடித்ததில் என்ன இருந்தது என்று அவருக்கும் தெரியாது, ஊற்றிக் கொடுத்தவனுக்கும் தெரியாது” என்றார் அக்காள். கோபமாகச் சொன்னாரா, வேறு எப்படிச் சொன்னாரா என்று ஆசிரியரால் உய்த்துணர முடியவில்லை. “எங்கள் பக்கத்தில் இதைச் செய்தால் போலீஸ் வரும், தெரியுமா?” என்று சேர்த்துக்கொண்டார்.

சாறு வடிந்த பின் பையில் மீந்த பார்லிச் சக்கையை ஆசிரியர் வழக்கமாகக் குப்பையில் கொட்டிவிடுவார். இரண்டு கிலோ தானியத்தைக் குப்பையில் கொட்டுவதை அக்காள் பொறுக்கவில்லை. ஒரு பகுதியை எடுத்து வைத்து, மறுநாள் காலை ஊறிய அரிசி பருப்போடு அரைத்து, வெங்காயமும் பச்சைமிளகாயும் நறுக்கிப் போட்டு அடை சுட்டார். உமி நாவில் தட்டிற்று. ஆயினும் தின்னும்படி இருந்தது. பீரை ஒரு துளியும் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் பத்தாம் நாள் ஊர் திரும்பினார். சொன்னபடியே தொடவும் இல்லை. அப்போது அது நொதித்து முடிந்திருக்கவும் இல்லை.

குளிரில் மூன்று வாரம் நொதித்து, நான்கு வாரம் இரண்டு பாகையில் கிடந்து தெளிந்து, புட்டியில் சிறிது சர்க்கரையோடு அடைபட்டு வாயுவேறி, அந்த வடிப்பு ஆயத்தமாக இரண்டரை மாதம் ஆயிற்று. வாரந்தோறும் தொலைபேசியில் பேசும் அக்காள், பேரப்பிள்ளைகளின் நலம் கேட்டபின், சற்று நிறுத்தி, “அன்றைக்குப் பொங்கினதே, அது எப்படி வந்தது?” என்றார்.

“நிறம் நன்றாக இருக்கிறது, அக்கா. கசப்புத்தான் கொஞ்சம் தூக்கல்.”

“அப்படியென்றால் பூவைக் குறைத்துப் போடு. இதற்கு ஒரு படிப்பு வேண்டுமா?” என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டார்.

ஆசிரியர் குறிப்பேட்டைத் திறந்து, அடுத்த வடிப்புக்கென எழுதி வைத்திருந்த பக்கத்தில், 34 கிராம் என்பதை அடித்துவிட்டு 28 என்று எழுதினார். மற்ற எண்கள் எதையும் மாற்றவில்லை.